177 முதல் 192 வரை

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இது பன்னிரண்டாவது கடிதம். முந்தைய பதினொன்றுக்கும் நீ பதில் போடவில்லை. போடு என்று கேட்கவும் எனக்கு முகமில்லை. இந்தத் தடவை ஒரு உதவி கேட்டு மட்டும் எழுதுகிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறேன். நாற்பத்து மூன்று வயதில். சிறைக்குள்ளேயே பள்ளிக்கூடம் நடக்கிறது, தேறினால் தண்டனையில் மூன்று மாதம் குறையும். இருபது வருஷம் வேன் ஓட்டிய கை, பேனாவைப் பிடித்தால் ஆணியைப் பிடித்த மாதிரி பிடிக்கிறது.

தமிழ் வாத்தியார் சொன்னார், "பாடப் புத்தகத்தையே கட்டிக்கிட்டு அழாதய்யா. கனமா ஏதாவது எடுத்துப் படி, அப்பதான் வார்த்தை சேரும்." இங்கே நூலகம் என்றால் இரண்டு இரும்பு அலமாரி. அதில் கனமாக இருந்தது ஒரே ஒரு புத்தகம். அட்டை போய்விட்டது. ரொம்பப் பழைய விண்வெளிக் கதை. நாற்பது பேர் ஒரு கலத்தில் ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குப் போகிறார்கள். எல்லோரும் குளிர் அறைக்குள் தூங்க, வருஷத்துக்கு ஒருத்தர் மட்டும் முறை வைத்து விழித்திருந்து காவல் காக்கிறார். கதை நன்றாகத்தான் போகிறது, தமிழ்தான் கடித்தால் பல் உடைகிறது. முதல் பக்கத்திலேயே ‘கலம் விசும்பில் மிதந்தது’ என்று இருந்தது. யாரோ அழுகிறார்கள் போல என்று பரிதாபப்பட்டுக்கொண்டே பத்துப் பக்கம் தாண்டிவிட்டேன். விசும்பு என்றால் வானம் என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு இங்கே ‘ராக்கெட்’ என்று பெயர்.

வாத்தியார் வாரம் ஒரு நாள்தான் வருகிறார். அகராதி கிடையாது. நீ அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், வார்த்தைதான் உனக்குச் சோறு போடுகிறது. எனக்குப் பிடிபடாதவை இவை: உறைதுயில், எஞ்சுதல், தன்னியக்கம், பிறழ்வு, அயர்வு.

பாப்பாவுக்கு இப்போது பன்னிரண்டு நடக்கும். மாமா கேட்டதாகச் சொல். சொல்ல மனசில்லை என்றால் விட்டுவிடு.

அண்ணன்


ஜனவரி 27

உறைதுயில்: உடம்பைக் குளிரில் உறையவைத்து நெடுங்காலம் தூங்கச் செய்தல்.

எஞ்சுதல்: மிச்சமிருத்தல். வேனில் இரண்டு பேர் போனார்கள், ஒருவர் எஞ்சினார்.

தன்னியக்கம்: யாரும் கை வைக்காமல் தானாக ஓடுவது. அந்தக் கலத்துக்கு உண்டு. வேனுக்குக் கிடையாது.

பிறழ்வு: நேர்வழியிலிருந்து விலகுதல். ‘கலத்தின் பாதையில் இம்மியளவு பிறழ்வு நேர்ந்தது; அவன் ஒருவனே அதை அறிவான்.’ நான்காம் அதிகாரத்தில் வரும்.

அயர்வு: களைப்பு, சோர்வு. களைப்பால் கவனம் தவறுவதும் அதுதான்.

கேட்டது சொற்கள் என்பதால் பதில். வேறு எதையும் கேட்காதே.


பிப்ரவரி 8

தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். என்ன எழுதியிருப்பாயோ என்று பயம். பிரித்தால் நீ எழுதாமல் விட்டதுதான் நிறைய இருந்தது. அடிப்பதாக இருந்தால் நேராக அடித்துவிடேன். எடுத்துக்காட்டுக்குள் வைத்து அடிக்க எங்கே கற்றாய்?

ஆனால் ஐந்து சொல்லும் மனசில் ஏறிவிட்டது. சொல்லை வாயில் போட்டு மெல்லாவிட்டால் எனக்கு நிற்காது. அதனால் பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். சமையல்கட்டுப் பொறுப்பாளரிடம் போய், "அண்ணே, குழம்பு ஏதாவது எஞ்சியிருக்கா?" என்று கேட்டேன். "எஞ்சினாவது போல்ட்டாவது, தட்டக் கழுவிட்டுப் போடா ராக்கெட்டு" என்றார். பக்கத்து அறைக்காரர் குறட்டை விட்டால் உறைதுயில் என்கிறேன். காலையில் எண்ணிக்கை எடுக்கும்போது ஒருத்தன் வரிசை மாறி நின்றான், பிறழ்வு என்றேன். வார்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அகராதி பிடித்தவன் என்று திட்டுகிறார்கள். அகராதி கிடைக்காமல்தானே உனக்கு எழுதுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

ஒன்று கேட்கிறேன். நான்காம் அதிகாரத்து வரியை அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறாயே, உனக்கு இந்தப் புத்தகம் தெரியுமா? நான் அதன் பெயரைக்கூடச் சொல்லவில்லையே.

அடுத்த சொற்கள்: ஊழி, விண்கொள்ளி, ஒருங்கே, துறத்தல்.

அண்ணன்


பிப்ரவரி 26

ஊழி: யுகம், உலக முடிவு. விண்கொள்ளி: எரிந்து விழும் விண்கல். ஒருங்கே: ஒரே நேரத்தில், சேர்ந்தாற்போல். துறத்தல்: கைவிடுதல்.

கேட்டதால் சொல்கிறேன். அந்தப் புத்தகம் எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் எங்கள் அச்சகத்தில்தான் மறுபதிப்பு போட்டார்கள். பிழை திருத்தியது நானும் அவரும். அவர் மூலப் பிரதியை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார், நான் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே போவேன். எங்கள் வேலையில் நிறுத்தக்குறியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘கலம் விசும்பில் மிதந்தது முற்றுப்புள்ளி காவலன் கால்புள்ளி தனியனாய்க் கால்புள்ளி’ என்று மூன்று மாதம் அந்தக் கதையைக் கேட்டேன். சலித்துப்போனால் நடுவில் ‘டீ குடிக்கலாமா கேள்விக்குறி’ என்பார்.

தைக்கும்போது பக்கம் மாறிப்போன பிரதிகள் நாற்பது ஐம்பது தேறின. விற்க முடியாது. சிறைகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். உன் கையில் இருப்பது அதில் ஒன்றாக இருக்கும்.

நீ ஒரு சொல்லைக் கேட்டால் அது எனக்கு அவர் குரலில் கேட்கிறது. அதற்காகத்தான் பதில் போட்டேன், உனக்காக அல்ல.

இவ்வளவு எழுதியபின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் என் முன்னாலேயே சொன்னாய், "மாப்பிள்ளதான் திடீர்னு கைய நீட்டி ஸ்டியரிங்கப் புடிச்சாரு" என்று. பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. இன்றைக்கும் யாராவது உங்க அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டால், "அவரே வண்டிய இடிச்சுக்கிட்டாரு" என்கிறாள். நானும் அவளைத் திருத்துவதில்லை. எது சரி என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்?


மார்ச் 12

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் கோர்ட்டில் பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. என் பிள்ளைகள் மேல் ஆணையாக என்று சொல்ல எனக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் உன் மேல் ஆணை. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நீ சொன்ன பக்கத் தவறு இதிலும் இருக்கிறது. 161ஆம் பக்கம் முதல் 176 வரை இரண்டு முறை வருகிறது. அப்புறம் ஒரேயடியாக 193. நடுவில் பதினாறு பக்கம் காணோம். 176இல் காவலன் தன் முறைக்குத் தனியாக உட்கார்ந்திருக்கிறான், எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. 193இல் பதினேழாம் அறையில் இருந்தவர் செத்துக் கிடக்கிறார். மற்றவர்கள் விழித்து வந்து காவலனைச் சுற்றி நின்று கேள்வி கேட்கிறார்கள். அவன் ‘என் காவலில் நேர்ந்தது’ என்று ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். என்னதான் செய்தான்? தலை வெடிக்கிறது. நடுவில் உள்ள பக்கங்களை எப்படியாவது அனுப்பு.

ஜூனில் முன்விடுதலைக் குழு கூடுகிறது. என் பெயரும் பட்டியலில் இருக்கிறது. இறந்தவரின் வீட்டாருக்கு ஒரு படிவம் வருமாம், ஆட்சேபம் உண்டா இல்லையா என்று கேட்டு. அந்த வீட்டார் நீதான். குழுவில் யார் என்ன பேசினாலும் உன் கையெழுத்துதான் எடுபடும் என்கிறார்கள். நான் கெஞ்சவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இந்தச் சுவருக்குள் இருந்தால் வெளியே போய் எதையும் தொடங்க எனக்குத் தெம்பு இருக்காது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 3

அந்தப் பாரம் என்னிடம் இருக்கிறது. எங்கள் தொழிலில் பதினாறு பக்கம் ஒரு பாரம். அச்சான நாளில் எடுத்து வைத்த முழுப் பிரதி அலமாரியில்தான் நிற்கிறது. அனுப்ப மாட்டேன்.

தேர்வில் கட்டுரை எழுத வேண்டும் அல்லவா? முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் உன் கையில் இருக்கிறது, நடுவில் நடந்ததை நீயே எழுது. வெறும் சொல்லைப் பொறுக்கிச் சேர்த்தால் போதாது, அதை வைத்து ஒன்று சொல்லத் தெரிய வேண்டும். அவர் புதிதாக வேலைக்கு வரும் பிழை திருத்துபவர்களுக்கு இந்தப் பயிற்சிதான் கொடுப்பார். நடுவில் ஒரு பத்தியை மறைத்துவிட்டு எழுதச் சொல்வார்.

படிவம் வந்துவிட்டது. ‘ஆட்சேபம் இல்லை’ என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. எனக்கு அலுத்துவிட்டது. உன் பெயர் போட்ட காகிதம் எதுவும் இனி என் மேஜைக்கு வராமல் இருந்தால் போதும்.


மே 6

தங்கச்சிக்கு,

நீ சொன்னபடி எழுதினேன். கீழே இருப்பது வாத்தியாரிடம் காட்டியது.

‘முப்பத்தொன்பது பேர் உறைதுயிலில் ஆழ்ந்திருந்தனர். காவலன் ஒருவனே எஞ்சினான். விசும்பு கரிய ஊழியைப் போல் எங்கும் விரிந்து கிடந்தது. இருபத்தாறு மணி நேரமாய் அவன் கண்ணிமைக்கவில்லை. அயர்வு அவனை அழுத்தியது. அவ்வேளை பதினேழாம் அறையில் இருந்தவர் எழுந்து வந்து பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். "மச்சான், எங்கயாவது ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்சம் தூங்கிட்டுப் போலாம்" என்றார்.’

வாத்தியார் கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டார். "எல்லாம் பிரமாதம் ராக்கெட்டு. ஆனா விண்கலத்த எங்கய்யா ஓரங்கட்டுவ?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் அப்படி எழுதியதே அவர் கோடு போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று நாள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன். வார்டர் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். படிக்கட்டும்.

விபத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வேனில் ஏறி உட்கார்ந்தவன், மறுநாள் பகல் மூன்று மணி வரை தூங்கவில்லை. பாதி வழியில் மாப்பிள்ளையைத் துணைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டு ஏற்றிக்கொண்டதும் நான்தான். மூன்று தடவை சொன்னார், நிறுத்துங்க என்று. டீக்கடையில் ஒரு தடவை, பெட்ரோல் போடும்போது ஒரு தடவை. பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாம் தடவை. "இருபது வருஷமா ஓட்டுறேன் மாப்ள, எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?" என்றேன். நான் தூங்கிவிட்டேன்.

கண் அசந்துவிட்டது என்பார்கள், கண்ணின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஒரு நொடிதான் என்பார்கள். போதாத நேரம் என்பார்கள். நான் பேசி வளர்ந்த பேச்சில் இதிலிருந்து தப்பிக்கப் பத்து வழி இருக்கிறது, பத்தையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்தப் புத்தகத்தில் காவல் ஏற்கும்போது ஒவ்வொருத்தரும் ஒரு உறுதிமொழி சொல்கிறார்கள். ‘என் அயர்வு பிறர் அழிவு. அறிந்தே ஏற்கிறேன்.’ அயர்வுக்குப் பொருள் உன்னிடம் வாங்கினேன். அறிந்தே என்பதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. தூக்கம் வருகிறது என்று அறிந்தேதான் ஓட்டினேன்.

கண் விழித்தபோது மாப்பிள்ளையின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. வேன் என் பக்கமாகப் பாலத்துச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் திருப்பினார். திருப்பியதால் என் பக்கம் தப்பி, அவர் பக்கம் மோதியது. கோர்ட்டில் கையை மட்டும் சொல்லி, ஏன் வைத்தார் என்பதை விட்டுவிட்டேன். யாரும் கேட்கவும் இல்லை. பொய் சொல்லவில்லை என்று மார்ச்சில் உன் மேல் ஆணையிட்டேனே, அந்த லட்சணம்தான் அது.

இந்தக் கடிதத்தை என்ன வேண்டுமானாலும் செய். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

அண்ணன்


ஜூன் 2

அண்ணனுக்கு,

இப்படி எழுதி மூன்றரை வருஷம் ஆகிறது. பாசத்தால் எழுதவில்லை. உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது, கூப்பிட வேறு சொல் இல்லை.

முதலில் புத்தகத்தை முடித்துவிடுகிறேன். நீ கேட்ட பதினாறு பக்கத்தையும் பிரதியெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார். காவலன் தூங்கவில்லை. ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. மிளகு அளவு விண்கொள்ளி ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு பதினேழாம் அறைக்குள் போய்விடுகிறது. ஓடிப் போய்க் கையால் அடைத்துப் பார்க்கிறான், கை வெந்துவிடுகிறது. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் தன்னை மன்னிக்க முடியாமல் புலம்புவதைத்தான் நீ 193இல் பார்த்திருக்கிறாய். புத்தகத்தில் யாரும் செய்யாத காரியத்தை நீ அவன் தலையில் கட்டிவிட்டாய். உன்னை எழுதச் சொன்னபோது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. ஏதாவது ராட்சசன் வந்தான் என்று எழுதுவாய் என்றுதான் நினைத்தேன்.

மூன்றரை வருஷம் ஒரு செத்த மனிதரோடு சண்டை போட்டிருக்கிறேன். துணி மடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்கு நிற்கும்போது. ‘ஏன் கையை நீட்டினீங்க, சும்மா உட்கார்ந்திருந்தா என்ன’ என்று. அவர் சட்டைகளை யாருக்கோ தூக்கிக் கொடுத்தேன். படத்தைக்கூட மாட்டவில்லை. என் கோபத்தை எல்லாம் அவர் வாங்கிக்கொண்டார். நீ உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தூங்கியதைக்கூட ஒருநாள் பொறுத்துவிடுவேனோ என்னவோ. இதைப் பொறுக்க மாட்டேன்.

படிவத்தில் பென்சில் குறியை அழித்துவிட்டேன். ‘ஆட்சேபம் உண்டு’ என்று மையால் எழுதினேன். காரணம் கேட்ட இடம் இரண்டு விரற்கடைதான் இருந்தது, அதனால் உன் கடிதத்தின் பிரதியை இணைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னதற்கு இதுதானா கூலி என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். போன மாதம் வரை உன்னை விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தேன்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். சமையலறையில் உட்காரவைத்து முழுதும் படித்துக் காட்டினேன். அவர் மாதிரியே புள்ளி, கமா எல்லாம் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தேன், அப்படிப் படித்தால்தான் குரல் உடையாமல் இருந்தது. "அப்ப அப்பா இடிக்கலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் அவள் அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் வந்து உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமாம். உண்மையாகத் தெரிந்தால் மட்டும் எழுது. இட்டுக்கட்டாதே.

தங்கை


ஜூலை 15

தங்கச்சிக்கு,

குழு கூடியது. மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். நடுவில் இருந்த அம்மாள் என் கடிதத்தைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நிர்ப்பந்தம் ஏதாவது?" என்றார். இல்லை என்றேன். முன்விடுதலை கிடையாது. இன்னும் இரண்டு வருஷம். உன் மேல் கோபம் வருமோ என்று காத்திருந்து பார்த்தேன். முதல் இரண்டு நாள் வந்தது. எழுதக் கூடாததை எல்லாம் எழுதிக் கிழித்தேன். இப்போது இல்லை.

தேர்வு முடிவும் வந்தது. தமிழில் எழுபத்தொன்று. கணக்கில் போய்விட்டது.

பதினாறு பக்கத்தையும் படித்தேன். அவன் தூங்கவில்லை என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பாப்பா கேட்டதற்கு வருகிறேன். இது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் இத்தனை நாளும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி.

பாப்பா, உன் அப்பா கத்தவில்லை. திட்டவும் இல்லை. வேன் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் என் தோளைத் தட்டினார். "மச்சான், எந்திரிங்க மச்சான்" என்றார். ஊர் வந்ததும் பேருந்தில் தூங்குகிறவரை எழுப்புவோமே, அந்தக் குரலில்தான் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

மாமா